மினமாட்டா நோயும் பொதுச் சுகாதாரக் கொள்கையும்: ஒரு வரலாற்று நோக்கு

யப்பானின் தென்பகுதியிலுள்ள கியூசூ தீவில், குமமோட்டோ மாநிலத்தின் கரையோரத்தில் அமைந்த சிறு நகரம் மினமாட்டா. 1956ஆம் ஆண்டு மே மாதம் முதலாந் திகதி, அந்நகரத்துத் தொழிற்சாலை வைத்தியசாலையின் பணிப்பாளர், காரணம் அறியப்படாத மூளை நரம்பு நோயொன்று அங்கு தோன்றியுள்ளதாகச் சுகாதார அலுவலகத்துக்கு அறிவித்தார். அந்நோய்க்குக் காரணமான கழிவை வெளியேற்றிய உற்பத்திப் பிரிவு 1968 மே மாதத்திலேயே மூடப்பட்டது. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன.

இத்தகைய தாமதங்களுக்கு அக்கால அறிவியலின் போதாமையைக் காரணங் காட்டுவது பெருவழக்கு. மினமாட்டாவின் வரலாறு இக்கூற்றை ஏற்க இடந்தரவில்லை. மீனும் சிப்பியுமே நோயைக் கொண்டுவந்தன என்ற ஐயம் முதல் ஆறு மாதங்களிலேயே வலுப்பெற்றது. நஞ்சு சேதன இரசம் என்பது மூன்று ஆண்டுகளில் அறியப்பட்டது. அது எந்த உற்பத்திப் பிரிவின் கழிவிலிருந்து வந்தது என்பதற்கான சான்றை ஆலையின் மருத்துவரே அதே ஆண்டிற் கண்டார். ஆகவே எஞ்சிய ஒன்பது ஆண்டுகளையும் அறியாமையின் கணக்கில் எழுதிவிட முடியாது. யார் எதனை நிரூபிக்க வேண்டும், எவ்வளவு நிரூபித்தாற் போதும், நிரூபிக்கும் வரை துன்பத்தைச் சுமக்க வேண்டியவர் யார் என்ற வினாக்களுக்கு ஆலையும் அரசும் அளித்த விடைகளே அவ்வாண்டுகளை நீட்டின. அவ்விடைகள் எவ்வாறு உருவாயின, பின்னர் எவ்வாறு மாற்றப்பட்டன என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

நகரமும் ஆலையும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மினமாட்டா, உப்பு விளைவித்தல், பயிர்ச்செய்கை, மீன்பிடி ஆகியவற்றை நம்பி வாழ்ந்த ஊராகவே இருந்தது. அரசு உப்பு வாணிகத்தைத் தன் ஏகபோகமாக்கியபின் உப்பளங்கள் நலிவுற்றன. இந்நிலையில், நோகுச்சி சிதகாவு என்னும் பொறியியலாளர், அயலில் தாம் நிறுவிய நீர்மின் நிலையத்தின் மின்சாரத்தைப் பயன்படுத்தி, 1908இல் அங்கு காபைட்டு ஆலையொன்றைத் தொடங்கினார். அதிலிருந்து நைதரசன் பசளை தயாரிக்கும் பெரு நிறுவனம் வளர்ந்தது. யப்பானிய மொழியில் நைதரசனைக் குறிக்கும் 'சிசோ' என்னும் சொல்லே அக்கம்பனியின் பெயராயிற்று.

1932இல் இவ்வாலை அசற்றலிடிகைட்டு உற்பத்தியை ஆரம்பித்தது. காபைட்டிலிருந்து பெறப்படும் அசற்றலீன் வாயுவை நீருடன் சேரச் செய்வதற்கு இரச சல்பேற்று ஊக்கியாகப் பயன்பட்டது. பாதரசம் என நாட்டு வைத்தியர் வழங்கும் இரசம் இங்கு தொழிற்சாலைத் தொட்டியில் இடம்பெற்றது. அதன் ஒரு பகுதி அத்தொட்டியினுள்ளேயே மெதயில் இரசம் என்னும் சேதனச் சேர்வையாக மாறியது. கழிவு நீருடன் கலந்து அது விரிகுடாவைச் சேர்ந்தது. போருக்குப் பின்னர் பிளாத்திக்குக் கைத்தொழில் வளர்ச்சியுற்றபோது அசற்றலிடிகைட்டுக்கான தேவை பெருகியது. உற்பத்தி பெருகக் கழிவும் பெருகியது.

நகரத்தின் வாழ்வு ஆலையோடு பிணைந்திருந்த விதம் பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்வதற்கு இன்றியமையாதது. 1960களின் தொடக்கத்தில் நகரசபையின் வரி வருவாயிற் பாதிக்கு மேற்பட்டது சிசோவிடமிருந்தும் அதன் ஊழியரிடமிருந்துமே கிடைத்தது. அசற்றலிடிகைட்டு உற்பத்தி முறையை உருவாக்கியவரும் ஆலையின் முன்னாள் முகாமையாளருமான ஹஷிமோட்டோ ஹிகோஷிச்சி போருக்குப் பின் நகர முதல்வராகப் பல தடவை தெரிவுசெய்யப்பட்டார். வைத்தியசாலையும் வேலைவாய்ப்பும் கடைத்தெருவின் வியாபாரமும் ஆலையைச் சார்ந்தே இருந்தன. கடற்றொழிலாளரோ இவ்வமைப்பின் விளிம்பில் வாழ்ந்தவர்கள். கழிவினால் மீன்வளம் கெடுவதாக அவர்கள் முறையிட்டபோது, 1926இலும் 1943இலும் ஆலை ஒரு தொகைப் பணத்தை அவர்களுக்கு வழங்கியது. சேதத்தைத் தடுப்பதற்குப் பதிலாகச் சேதத்துக்கு விலை பேசும் வழக்கம், மனிதர் நோயுறுவதற்கு முன்னரே அங்கு வேரூன்றிவிட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது.

நோய் வெளிப்படுதல்

1950களின் முற்பகுதியில் விரிகுடாவில் மீன்கள் செத்து மிதந்தன. பறவைகள் பறக்கும்போதே விழுந்தன. கரையோரக் குடிசைகளிற் பூனைகள் வெறிகொண்டு சுழன்று, கடலில் வீழ்ந்து மாண்டன. ஊரார் அதனைப் பூனை ஆட்டம் என்றனர். 1956 ஏப்ரலில் ஐந்து வயதுச் சிறுமியொருத்தி நடக்கவும் பேசவும் இயலாத நிலையில் ஆலை வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டாள். இரு நாட்களில் அவளுடைய தங்கைக்கும் அதே குறிகள் தோன்றின. அயல் வீடுகளிலும் அத்தகைய நோயாளர் உள்ளனர் என்பதைத் தாய் கூறக் கேட்ட பின்னரே, பணிப்பாளர் ஹோசோகாவா ஹஜிமே மேலே கூறப்பட்ட அறிவித்தலைச் செய்தார்.

கைகால் விறைத்தல், பார்வைப் புலம் சுருங்குதல், செவிப்புலன் குன்றுதல், பேச்சுக் குழறுதல், தசைகள் கட்டுப்பாடிழத்தல் என்பன நோயின் குறிகளாயிருந்தன. கடுமையாகப் பாதிக்கப்பட்டோர் வலிப்பும் மயக்கமும் கொண்டு சில வாரங்களிலேயே இறந்தனர். 1956 ஒக்ரோபர் வரை கண்டறியப்பட்ட 40 நோயாளருள் 14 பேர் மரணமடைந்திருந்தனர். தொற்றுநோய் எனக் கருதப்பட்டமையால் நோயாளர் தனிமைப்படுத்தப்பட்டனர். அவர்தம் வீடுகளுக்குக் கிருமிநாசினி தெளிக்கப்பட்டது. தொற்று அன்று என்பது தெளிவான பின்னரும் அக்குடும்பங்களை ஊர் விலக்கியே வைத்தது. இதனால் நோயை மறைப்பதும் பாதிக்கப்பட்டோரின் வழக்கமாயிற்று.

ஓகஸ்ட் மாதத்திற் குமமோட்டோ பல்கலைக்கழக மருத்துவ பீடம் ஆய்வுக்குழுவொன்றை அமைத்தது. நோயாளர் பெரும்பாலும் மீன்பிடிக் குடும்பத்தவர் என்பதையும், விரிகுடா மீனும் சிப்பியும் அவர்களது நாளாந்த உணவு என்பதையும், அவர்தம் பூனைகளும் அதே நோயால் மடிந்தன என்பதையும் குழு நோக்கிற்று. நவம்பர் மாதத்தில், இது தொற்றுநோய் அன்று. ஏதோவொரு பார உலோகம் மீன், சிப்பி வழியாக உடலிற் சேர்வதால் விளைவது என்ற கருத்தை அது வெளியிட்டது. 1957இல் மினமாட்டாச் சுகாதார அலுவலகத்தின் தலைவர் இட்டோ ஹசுவோ, வெளியிடத்துப் பூனைகளுக்கு விரிகுடா மீனை ஊட்டினார். அவையும் நோயுற்றன.

1957ஆம் ஆண்டின் தீர்மானம்

நஞ்சின் பெயர் அப்போது தெரியாது. ஆயினும் நஞ்சு வரும் வழி தெரிந்துவிட்டது. குமமோட்டோ மாநில நிர்வாகம், உணவுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் விரிகுடா மீனைப் பிடிப்பதையும் விற்பதையும் தடைசெய்யலாமா என மத்திய சுகாதார அமைச்சிடம் வினவியது. மினமாட்டா விரிகுடாவிலுள்ள மீன்கள் யாவும் நஞ்சூட்டப்பட்டவை என்பதற்குத் தெளிவான சான்று இல்லையாதலால் அச்சட்டத்தைப் பிரயோகிக்க முடியாது என 1957 செப்ரெம்பரில் அமைச்சு விடையளித்தது. சட்டத்தின் தடைக்குப் பதிலாக, மீன் உண்பதைத் தாமாகவே தவிர்த்துக் கொள்ளுமாறு மக்களுக்கு ஆலோசனை கூறப்பட்டது. அன்றாடம் பிடித்ததையே உண்டு வாழ்ந்த வறிய குடும்பத்துக்கு இவ்வாலோசனையாற் பயன் யாதும் விளையவில்லை. உண்ணாதிருக்கச் சொன்ன அதிகாரிகள், உண்பதற்கு வேறு வழி செய்து கொடுக்கவில்லை.

பொதுச் சுகாதார வரலாற்றில் இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டொன்று எல்லா மருத்துவ மாணவரும் அறிந்தது. 1854இல் இலண்டன் நகரின் சோகோப் பகுதியிற் கொலரா பரவியபோது, நோயாளர் பலரும் ஒரே தெருக் குழாயின் நீரைப் பருகியமையை ஜோன் சினோ எடுத்துக்காட்டினார். அக்குழாயின் கைபிடி அகற்றப்பட்டது. கொலராக் கிருமியை மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டது பல பத்தாண்டுகளின் பின்னராகும். கிருமியின் பெயரை அறியாமலே நோயின் வழியை அடைக்க முடிந்தது. யப்பானிலேயே இதற்கு முன்னோடி இருந்தது. ஷிசுவோக்கா மாநிலத்து ஹமனா ஏரியின் சிப்பியை உண்டோர் நஞ்சூட்டலுக்கு உள்ளானபோது, நஞ்சு யாதென அறியப்படு முன்னரே மாநில நிர்வாகம் உணவுச் சுகாதாரச் சட்டத்தின்படி தடை விதித்திருந்தது.

அமைச்சு கோரிய சான்றின் தன்மை இங்கு நோக்கற்பாலது. விரிகுடாவின் ஒவ்வொரு மீனும் நஞ்சுடையது என நிரூபிப்பது எவராலும் இயலாத செயல். இயலாத நிரூபணத்தைக் கோருவது, நடவடிக்கை எடுப்பதில்லை என்ற தீர்மானத்தின் மற்றொரு வடிவமாகும். இத்தீர்மானத்தின் சுமை ஆலையையோ அமைச்சையோ சென்றடையவில்லை. தொடர்ந்தும் அதே மீனை உண்டவரையே அது சென்றடைந்தது.

அறிந்தும் மறைத்தல்

நோய்க்கு ஆலைக் கழிவே காரணம் என்ற ஐயம் பரவவே, 1958 செப்ரெம்பரிற் சிசோ, அசற்றலிடிகைட்டுப் பிரிவின் கழிவை ஹியக்கென் துறைமுகத்திலிருந்து மினமாட்டா ஆற்றின் முகத்துவாரத்துக்குத் திருப்பிவிட்டது. விளைவு விரைவில் வெளிப்பட்டது. முன்பு நோயில்லாதிருந்த ஆற்றுமுகப் பகுதியிலும் வடக்கேயுள்ள கரையோர ஊர்களிலும் புதிய நோயாளர் தோன்றினர். கழிவு சென்ற இடமெல்லாம் நோயும் சென்றது. ஓர் ஆய்வுகூடத்திற் செய்யவேண்டிய பரிசோதனை ஷிரானுய் கடலின் மக்கள் மீது செய்யப்பட்டது எனலாம்.

1958இல் மினமாட்டாவைப் பார்வையிட்ட ஆங்கில நரம்பியல் மருத்துவர் டக்ளஸ் மக்கல்பைன், நோய்க்குறிகள் இங்கிலாந்தில் 1940இல் விவரிக்கப்பட்ட மெதயில் இரச நஞ்சூட்டலை ஒத்திருப்பதைச் சுட்டினார். விதைப் பாதுகாப்பு மருந்து தயாரிக்கும் ஆலையில் வேலைசெய்தோருக்கு நேர்ந்த நஞ்சூட்டல் அது. குமமோட்டோ ஆய்வாளர் இவ்வழியிற் சென்று தேடினர். ஆலையின் வடிகால் வாயிலில் ஒரு தொன் சேற்றில் ஏறத்தாழ 2 கிலோகிராம் இரசம் இருக்கக் கண்டனர். நோயாளரின் தலைமயிரில் மில்லியனில் 705 பங்கு வரை இரசம் காணப்பட்டது. பிற இடத்து மக்களின் சராசரி அளவு மில்லியனில் 4 பங்கே. 1959 யூலை மாதத்தில், நோய்க்குக் காரணம் சேதன இரசம் என ஆய்வுக்குழு அறிவித்தது.

ஆலை இதனை மறுத்தது. தான் பயன்படுத்துவது அசேதன இரசமே. அது எவ்வாறு சேதன இரசமாயிற்று என்பதைப் பல்கலைக்கழகம் விளக்கவேண்டும் என்றது. உற்பத்தி முறை பற்றிய விவரங்களும் கழிவின் மாதிரிகளும் ஆலையின் கையிலேயே இருந்தன. அவற்றை வழங்காமல் விளக்கத்தை மட்டும் கோரியது. போர்க்காலத்திற் கடலில் வீசப்பட்ட வெடிபொருட்களே காரணம் என்றும், அழுகிய மீனில் தோன்றும் அமைன்களே காரணம் என்றும் வேறு கொள்கைகள் அடுத்தடுத்து முன்வைக்கப்பட்டன. இவை எவையும் நிரூபிக்கப்படவில்லை. எனினும் 'அறிஞரிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது' என்று சொல்வதற்கு அவை போதுமானவையாக இருந்தன.

இவ்வாதங்கள் நடந்துகொண்டிருந்தபோதே உண்மை ஆலையினுள் வெளிப்பட்டுவிட்டது. ஹோசோகாவா, அசற்றலிடிகைட்டுப் பிரிவின் கழிவு நீரை உணவிற் கலந்து 400ஆம் இலக்கப் பூனைக்கு ஊட்டி வந்தார். 1959 ஒக்ரோபரில் அது நோயுற்றது. நிருவாகம் இம்முடிவை வெளியிடவில்லை. பரிசோதனையைத் தொடரவும் தடைவிதித்தது. ஹோசோகாவாவும் அப்போது மௌனம் காத்தார். புற்றுநோயுற்று மரணப்படுக்கையிற் கிடந்த 1970ஆம் ஆண்டிலேயே அவர் நீதிமன்றத்துக்கு இதனைச் சாட்சியமாக அளித்தார். நோயை முதலில் உலகுக்கு அறிவித்தவரே அதன் காரணத்தைப் பதினோராண்டு மறைக்க நேர்ந்தமை, நிறுவனம் ஒன்றுக்குக் கட்டுப்பட்ட அறிவியலாளரின் நிலையை உணர்த்துகிறது.

அரசின் போக்கும் இதற்கு ஒத்ததாகவே அமைந்தது. 1959 நவம்பர் 12ஆம் திகதி, சுகாதார அமைச்சின் உணவுச் சுகாதார ஆலோசனைச் சபை, விரிகுடா மீனிலுள்ள சேதன இரசமே நோய்க்குக் காரணம் என அறிக்கையிட்டது. அவ்வறிக்கையைத் தயாரித்த உபகுழு உடனேயே கலைக்கப்பட்டது. இரசத்தின் மூலம் எது என்பதை அறிக்கை கூறவில்லை. கூறக்கூடியவர்களின் பணி அதனோடு முடிவுற்றது.

முடிவுற்றதாகக் காட்டப்பட்ட பிரச்சினை

1959ஆம் ஆண்டின் இறுதி இரு மாதங்களில் நடந்தவை, மாசடைதலைத் தீர்க்காமலே தீர்ந்ததாகத் தோற்றுவிப்பது எவ்வாறு என்பதற்கு எடுத்துக்காட்டாகும். நவம்பர் 2ஆம் திகதி கடற்றொழிலாளர் ஆலையினுள் நுழைந்து அலுவலகங்களைத் தாக்கினர். மாத இறுதியில் நோயாளர் குடும்பங்கள் ஆலை வாயிலில் அமர்ந்து நட்டஈடு கோரின. டிசம்பரிற் கழிவு நீரைச் சுத்திகரிக்கும் சாதனம் ஒன்று பெரும் ஆரவாரத்துடன் திறந்துவைக்கப்பட்டது. அச்சாதனம் கரைந்துள்ள சேதன இரசத்தை அகற்றுவதற்கென அமைக்கப்பட்டதன்று. ஆயினும் கடல் இனிச் சுத்தமாகிவிடும் என்ற நம்பிக்கையை அது மக்களிடையே ஏற்படுத்தியது.

டிசம்பர் 30ஆம் திகதி ஆலைக்கும் நோயாளருக்கும் இடையே 'அனுதாபப் பண' ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. இறந்தவருக்கு 3 இலட்சம் யென், உயிரோடுள்ள வளர்ந்தோருக்கு ஆண்டொன்றுக்கு 1 இலட்சம் யென், சிறுவருக்கு ஆண்டொன்றுக்கு 30,000 யென் என்பன அதன் நிபந்தனைகள். ஆலைக் கழிவே நோய்க்குக் காரணம் எனப் பின்னர் தெரியவரினும் புதிதாக நட்டஈடு எதுவும் கோருவதில்லை என நோயாளர் உறுதியளிக்கவேண்டும் என்ற வாசகமும் அதில் இடம்பெற்றது. பூனைப் பரிசோதனையின் முடிவு ஆலையிடம் இருந்த வேளையில், அம்முடிவை அறியாத ஏழை மக்களிடமிருந்து இவ்வுறுதி பெறப்பட்டது.

1960க்குப் பின் புதிய நோயாளர் இல்லை என்ற கருத்து பரவிற்று. இதனை உடைத்தவர்கள் குழந்தைகள். 1950களின் நடுப்பகுதி தொடக்கம் கரையோர ஊர்களிற் கழுத்து நில்லாமலும் கைகால் வளைந்தும் பல குழந்தைகள் பிறந்திருந்தனர். சூல்வித்தகம் நஞ்சைத் தடுத்துக் கருவைக் காக்கும் என்பது அக்கால மருத்துவத்தின் கொள்கை. மீனே உண்ணாத குழந்தைக்கு மினமாட்டா நோய் வரமுடியாது எனக்கூறி, இவர்களை மூளைவாத நோயாளர் என வகைப்படுத்தினர். 1961இல் ஹரடா மசசூமி என்னும் இளம் மருத்துவர் ஒரு வீட்டில் ஒரேவிதக் குறிகளுடைய இரு சகோதரரைக் கண்டார். மூத்தவனுக்கு மினமாட்டா நோய், இளையவனுக்கு வேறு நோய் என வைத்தியர்கள் கூறியுள்ளனர் எனத் தாய் சொன்னாள். கணவரும் மூத்த மகனும் தானும் ஒரே மீனை உண்டதாகவும், அப்போது இளையவன் தன் வயிற்றில் இருந்ததாகவும் அவள் கூறினாள். தாய்மாரின் இக்கூற்றே சரியென ஆய்வுகள் காட்டின. மெதயில் இரசம் சூல்வித்தகத்தைக் கடந்து கருவின் மூளையிற் படிகின்றது. 1962 நவம்பரில் 16 குழந்தைகள் பிறவி மினமாட்டா நோயாளர் என ஏற்றுக்கொள்ளப்பட்டனர். யப்பானியர் குழந்தையின் தொப்புட்கொடியை உலர்த்திப் பேணும் வழக்கமுடையவர். அவ்வாறு பேணப்பட்ட கொடிகளை ஹரடா பின்னர் சேகரித்து ஆராய்ந்தபோது, அசற்றலிடிகைட்டு உற்பத்தி உயர்ந்த ஆண்டுகளிற் பிறந்தோரின் கொடிகளில் மெதயில் இரசமும் உயர்ந்திருக்கக் காணப்பட்டது.

நீகாட்டாவும் 1968ஆம் ஆண்டும்

ஆலைக் கழிவுச் சேற்றில் மெதயில் இரசச் சேர்வை இருப்பதைக் குமமோட்டோ ஆய்வாளர் 1963 அளவில் நிறுவினர். 'எவ்வாறு' என்ற வினாவுக்கும் விடை கிடைத்துவிட்டது. அரசு அசையவில்லை. 1965இல், மினமாட்டாவுக்கு மிகத் தொலைவில், நீகாட்டா மாநிலத்தின் அகானோ நதிக்கரையில் அதே நோய் தோன்றியது. நதியின் மேற்பகுதியில் ஷோவா டெங்கோ நிறுவனத்தின் ஆலை அதே முறையில் அசற்றலிடிகைட்டைத் தயாரித்து வந்தது. மினமாட்டாவின் பாடம் 1959இல் ஏற்றுக்கொள்ளப்பட்டிருப்பின் நீகாட்டாவில் நோய் தோன்றியிராது என்பதே இரண்டாவது நிகழ்ச்சியின் பொருளாகும்.

1968 மே மாதத்திற் சிசோ அசற்றலிடிகைட்டு உற்பத்தியை நிறுத்தியது. இது எந்தச் சட்டத்தின் கட்டளையாலும் நிகழ்ந்ததன்று. பெற்றோலியத்திலிருந்து பெறப்படும் எதிலீனைப் பயன்படுத்தும் புதிய முறை வந்துவிட்டமையாற் பழைய முறை இலாபமற்றதாகியிருந்தது. நான்கு மாதங்களின் பின், செப்ரெம்பர் 26ஆம் திகதி, மினமாட்டா நோய் சிசோ ஆலையின் மெதயில் இரசத்தால் விளைந்தது என அரசு உத்தியோகபூர்வமாக அறிவித்தது. யப்பானில் அம்முறையின் பயன்பாடு முற்றாக முடிவுற்ற பின்னரே அதன் நஞ்சு ஏற்றுக்கொள்ளப்பட்டது என்ற கால ஒழுங்கு தற்செயலானதாகத் தோன்றவில்லை.

நீதிமன்றத்தின் விடை

1969 யூன் மாதத்தில் 29 குடும்பங்கள் சிசோவுக்கு எதிராக வழக்குத் தொடர்ந்தன. அசற்றலிடிகைட்டு உற்பத்தியில் மெதயில் இரசம் தோன்றும் என்பதை அக்காலத்து அறிவியல் அறிந்திருக்கவில்லை. முன்னறிய முடியாத தீங்குக்குப் பொறுப்பேற்க முடியாது என்பது கம்பனியின் வாதம். 1973 மார்ச் 20ஆம் திகதி குமமோட்டோ மாவட்ட நீதிமன்றம் இதனை நிராகரித்தது. இரசாயன ஆலையின் கழிவில் எத்தகைய அபாயம் இருக்கும் என்பது தெரியாமலிருப்பதே அவதானத்துக்குக் காரணமாகும். ஆலை தன்னிடமுள்ள மிக உயர்ந்த அறிவையும் நுட்பத்தையும் கொண்டு கழிவின் பாதுகாப்பை ஆராயவேண்டும். ஐயம் எழுமாயின் உற்பத்தியை நிறுத்தியேனும் தீங்கைத் தவிர்க்கவேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். குறித்த நஞ்சு நிரூபிக்கப்பட்ட பின்னரே பொறுப்புத் தோன்றும் எனக் கொள்வது, அயலில் வாழும் மக்களைப் பரிசோதனைப் பொருளாக்குவதற்கு ஒப்பாகும் எனவும் நீதிமன்றம் கருதியது. 1959ஆம் ஆண்டின் ஒப்பந்தம் பொது ஒழுக்கத்துக்கு முரணானதெனச் செல்லாததாக்கப்பட்டது. நோயாளர் ஒவ்வொருவருக்கும் 1 கோடி 60 இலட்சம் முதல் 1 கோடி 80 இலட்சம் யென் வரை வழங்குமாறு கட்டளையிடப்பட்டது.

1957இல் அமைச்சு கூறிய விடையை இத்தீர்ப்பு தலைகீழாக்கியது. நிரூபிக்கும் சுமை நோயாளரின் தோளிலிருந்து கழிவை வெளியேற்றுவோரின் தோளுக்கு மாற்றப்பட்டது. சட்டவாக்கத் துறையிலும் இம்மாற்றம் தொடங்கியிருந்தது. 1967இல் இயற்றப்பட்ட மாசடைதல் கட்டுப்பாட்டு அடிப்படைச் சட்டம், சூழற் பாதுகாப்பு பொருளாதார வளர்ச்சியுடன் இசைந்து செல்லவேண்டும் என விதித்திருந்தது. 1970இற் கூடிய பாராளுமன்றம் அவ்வாசகத்தை நீக்கியதோடு மாசடைதல் தொடர்பான 14 சட்டங்களை ஒரே தொடரில் நிறைவேற்றியது. 1971இல் சூழல் முகவரகம் நிறுவப்பட்டது. 1973இல் மாசடைதலால் உடல்நலம் கெட்டோருக்கான நட்டஈட்டுச் சட்டம் வந்தது.

நிறைவுறாத பொறுப்பு

ஆயினும் நிரூபணம் என்னும் தடை வேறொரு வாயிலால் மீண்டும் நுழைந்தது. நட்டஈடு பெறுவதற்கு ஒருவர் மினமாட்டா நோயாளர் என அரசினாற் சான்றளிக்கப்படவேண்டும். 1977இல் வெளியிடப்பட்ட அளவுகோல், பல குறிகள் ஒருங்கே காணப்படுவதைப் பொதுவாக வேண்டிற்று. உணர்ச்சி குன்றிய கைகளோடு வந்த பலர் திருப்பி அனுப்பப்பட்டனர். குமமோட்டோ, ககோஷிமா மாநிலங்களில் 2,200க்கு மேற்பட்டோரும் நீகாட்டாவில் 700க்கு மேற்பட்டோருமே சான்றளிக்கப்பட்டனர். சான்று பெறாத பல்லாயிரவர் 1995ஆம் ஆண்டின் அரசியல் இணக்கத்தாலும் 2009ஆம் ஆண்டின் விசேட சட்டத்தாலும் ஓரளவு நிவாரணம் பெற்றனர். வேறு சிலர் தொடர்ந்தும் நீதிமன்றங்களை நாடினர்.

1959இல் ஆலையினுள் நுழைந்த கடற்றொழிலாளர் மீது உடனடியாகவே வழக்குத் தொடரப்பட்டது. ஆலையின் முன்னாள் தலைவரும் முகாமையாளரும் 1976இலேயே குற்றஞ் சாட்டப்பட்டனர். 1979இல் அவர்கள் குற்றவாளிகளெனத் தீர்க்கப்பட்டனர். 1988இல் உயர் நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. அரசின் பொறுப்பு மேலும் காலந்தாழ்த்தியே தீர்மானிக்கப்பட்டது. 1958 டிசம்பரில் இயற்றப்பட்ட நீர்த்தரச் சட்டங்களைக் கொண்டு 1959 முடிவுக்குள் கழிவைத் தடுத்திருக்க முடியும். தடுக்காமை சட்டவிரோதமானது என 2004 ஒக்ரோபர் 15ஆம் திகதி யப்பானிய உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புதிய அறிவையோ புதிய சட்டத்தையோ நீதிமன்றம் எதிர்பார்க்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. கையிலிருந்த அறிவுக்கும் கையிலிருந்த சட்டத்துக்கும் இடையே இல்லாதிருந்தது தீர்மானமே.

1992இல் றியோ டி ஜெனைரோவிற் கூடிய நாடுகள் வெளியிட்ட பிரகடனத்தின் 15ஆம் கோட்பாடு, பாரிய தீங்கு நேரக்கூடிய இடத்து, முழுமையான அறிவியல் நிச்சயம் இல்லாமையைக் காரணங்காட்டிப் பாதுகாப்பு நடவடிக்கைகளைப் பிற்போடலாகாது எனக் கூறுகின்றது. இரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேசச் சமவாயம் 2013 ஒக்ரோபரிற் குமமோட்டோவில் ஏற்கப்பட்டு 2017 ஓகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. மினமாட்டாவின் பெயரையே அது தாங்கியுள்ளது. இலங்கையும் 2017இல் அதனை உறுதிசெய்து பங்காளியாயிற்று. இரசத்தை ஊக்கியாகக் கொண்டு அசற்றலிடிகைட்டுத் தயாரிப்பதை 2018இன் பின் நிறுத்தவேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. சமவாயத்தில் ஒப்பமிடுவது நாடுகளுக்குக் கடினமானதன்று. 1957இல் யப்பானிடமும் பொருத்தமான சட்டம் இருந்தது என்பதை அந்நாடுகளின் அதிகாரிகள் நினைவிற் கொள்வது நன்று.

1977 முதல் 1990 வரை மினமாட்டா விரிகுடாவின் அடியிலிருந்து ஏறத்தாழ 15 இலட்சம் கன மீற்றர் சேறு அகழ்ந்தெடுக்கப்பட்டது. அதனைக் கொண்டு நிரப்பிய 58 ஹெக்டயர் நிலம் இப்போது பூங்காவாக உள்ளது. விரிகுடா மீன் வெளியே செல்லாதவாறு 1974இல் இடப்பட்ட வலை 1997இல் அகற்றப்பட்டது. 1957இல் அவ்விரிகுடாவின் மீனைச் சட்டத்தாற் தடைசெய்வதற்கும், அதனால் வருவாய் இழப்போருக்கு உணவளிப்பதற்கும் ஆகியிருக்கக்கூடிய செலவு, பின்னர் அகழ்வுக்கும் நட்டஈட்டுக்கும் செலவான தொகையோடு ஒப்பிடத்தக்கதன்று. அன்று கருவிலிருந்து நஞ்சுண்டோர் இன்று முதுமையை எட்டியுள்ளனர். அவர்களைப் பேணிய பெற்றோரிற் பெரும்பாலானோர் மறைந்துவிட்ட நிலையில், இனி அவர்களைப் பராமரிப்பவர் யார் என்பதே மினமாட்டாவில் எஞ்சியுள்ள பொதுச் சுகாதார வினாவாகும்.